நெருக்கடிக்கு ஒரு தலைவர்

குக்கர்கள் வெடிக்க ஆரம்பித்த ஐந்தாவது நாள், திங்கட்கிழமை, நிறுவனத்துக்கு நெருக்கடி வந்திருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் கூட்டினார்கள். கூட்டம் பத்து மணிக்கு. வால்வுக்காரர் ஒன்பதே காலுக்கே வந்து கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். கையில் அரைப்பக்கக் காகிதம் ஒன்று. அதை நாலாக மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அந்த நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாக சேஃப்டி வால்வு சோதிப்பதுதான் அவர் வேலை. குக்கர் மூடியில் ஓர் ஓரமாக நாணயம் அளவுக்கு ஒன்று இருக்குமே, அது. அதன் நடுவில் ஒரு சின்ன ஈயப்பொட்டு வைத்திருப்பார்கள். ஏதாவது அடைத்துக்கொண்டு விசில் வராமல் உள்ளே நீராவி ஏறிக்கொண்டே போனால், அந்தப் பொட்டு உருகி வழிவிட வேண்டும். உருகினால் சுவரெல்லாம் கொஞ்சம் தண்ணீர் அடிக்கும், அவ்வளவுதான். உருகாவிட்டால் மூடி கூரைக்குப் போகும்.

நாலு மாதத்துக்கு முன் அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. பன்னிரண்டு நாள் விடுப்பு. அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் புதிதாக ஒரு சப்ளையரிடமிருந்து வால்வுகள் வந்து இறங்கி, ‘விரைவு ஒப்புதல்’ என்று முத்திரை குத்தப்பட்டு, இரண்டாயிரத்து நானூறு குக்கர்களில் ஏறி, கடைகளுக்குப் போய்விட்டன. மூன்றாவது குக்கர் வெடித்த செய்தி காதில் விழுந்த சனிக்கிழமையன்று அவர் கிடங்குக்குப் போய், மிச்சமிருந்த வால்வுகளில் பத்தை எடுத்துச் சூடேற்றிப் பார்த்தார். ஏழு உருகவில்லை. ஏழும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தன.

அரைப்பக்கத்தில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இந்த வரிசை எண் உள்ள குக்கர்களை விற்காதீர்கள். வாங்கியவர்களை அடுப்பில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வால்வை மாற்ற ஒரு ஸ்பேனரும் இரண்டு நிமிடமும் போதும்.

பத்தரைக்கு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். நீண்ட மேசையின் தலைமாட்டில் எம்.டி. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதிதாக ஓர் ஆலோசகர். நிறுவனங்களை நெருக்கடியிலிருந்து மீட்பதுதான் அவர் தொழில் என்றார்கள். எதிரே மனிதவள மேடம் குறிப்பேட்டோடு. மற்ற நாற்காலிகளில் தலையாட்டுகிறவர்கள்.

“முதல்ல எல்லாரும் மூச்சை நல்லா உள்ள இழுங்க,” என்றார் எம்.டி. “முப்பது வருஷமா இந்த நிறுவனத்தை நடத்துறேன். ஒரு தடவைகூட நெருக்கடின்னு என் வாயால சொன்னதில்ல. பெயிண்ட் ஷெட் எரிஞ்சு தரைமட்டமாச்சே, அப்பக்கூட சொல்லல. ‘வெப்பம் சார்ந்த இடமாற்றம்’னுதான் ஆண்டறிக்கையில போட்டோம். பதட்டப்படாம இருந்தோம். அதான் தலைமை.”

எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். வால்வுக்காரரும் இழுத்தார். இழுத்த மூச்சை விடும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். “சார், மூணு குக்கர் வெடிச்சிருக்குங்க. எனக்குக் காரணம் தெரியும். இதுல...”

ஆலோசகர் கையை உயர்த்தினார். “அந்தச் சொல் இந்த அறைக்குள்ள வேண்டாமே. ‘மூடி முன்கூட்டியே திறந்துகொண்ட நிகழ்வு’ன்னு சொல்லலாம்.”

“முன்கூட்டியே திறக்கலைங்க. கூரை ஓட்டைப் பிச்சுக்கிட்டுப் போயிருக்கு.”

“அப்ப ‘உயரமாகத் திறந்துகொண்ட நிகழ்வு’,” என்றார் ஆலோசகர். மேடம் அதை எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டார்.

“ஒரு அம்மாவுக்கு முகமும் தோளும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க சார்.”

எம்.டி. கண்ணைத் திறந்தார். “அதுக்காக நான் வருத்தப்படறேன். குறிச்சுக்குங்க.”

“குறிச்சுட்டேன் சார்,” என்றார் மேடம். “எவ்வளவு வருத்தம்னு போடட்டும்?”

எம்.டி. கொஞ்சம் யோசித்தார். “ஆழ்ந்த.”

அதன் பிறகு கையேட்டைத் திறந்தார்கள். நிறுவனத்துக்கு வரும் தொல்லைகளைக் கையேடு மூன்றாகப் பிரித்திருந்தது: சிரமம், சவால், நெருக்கடி. சிரமமென்றால் சிரிக்க வேண்டும். சவாலென்றால் சுற்றறிக்கை விட வேண்டும். நெருக்கடி என்றால் மட்டும்தான் சரக்கை நிறுத்தலாம். நெருக்கடி என்று அறிவிக்கும் அதிகாரமோ நெருக்கடித் தலைவருக்கு மட்டுமே உண்டு. நெருக்கடித் தலைவர் யார் என்று வால்வுக்காரர் கேட்டார். இனிமேல்தான் நியமிக்க வேண்டும் என்றார் மேடம். எப்போது நியமிப்பீர்கள் என்றார். நெருக்கடி அறிவிக்கப்பட்ட பிறகு என்றார் மேடம்.

வால்வுக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

“அந்தக் காகிதத்தை என்கிட்ட குடுங்கண்ணே,” என்றார் மேடம் வெளியே வரும்போது, பிரியமாகவே. “அரைப்பக்கம்னா யாரும் மதிக்க மாட்டாங்க. குறைஞ்சது பதினெட்டு பக்கம் இருக்கணும். படமும் வேணும்.”

“வால்வு படமா?”

“மலை. பின்னாடி சூரியன் உதிக்கிற மாதிரி.”

அவர் காகிதத்தைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே டெலிபோன் அறைக்குப் போனார். அங்கே இருந்தவரை நிறுவனம் முழுக்க ‘ஹலோ அக்கா’ என்றுதான் கூப்பிடும். வருகிற அழைப்பையெல்லாம் எடுப்பவர். வெடித்ததென்று யார் பேசினாலும் படிக்க வேண்டியது என்று அவருக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்: ‘உங்கள் குரலைக் கேட்டதில் மகிழ்ச்சி. சமையல் ஒரு பயணம். அந்தப் பயணத்தில் நாங்கள் உங்களோடு.’

“இதைப் படிச்சேன்ணே,” என்றார் ஹலோ அக்கா. கண் சிவந்திருந்தது. “ஒரு ஆள் அழுதுகிட்டே கேட்டாரு, பயணம் எதுல, ஆம்புலன்ஸ்லயான்னு.”

“ஏதாவது ஒரு கடைக்குப் போன் போடும்மா. நான் பேசறேன்.”

பெரிய கடையாகப் பார்த்துப் போட்டார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “கம்பெனி லெட்டர் இருக்குங்களா?” என்றார்.

“வந்துரும். அதுவரைக்கும் கொஞ்சம் எடுத்து உள்ள வைங்க.”

“நீங்க யாரு, மேனேஜரா?”

“வால்வு பாக்கறவன்.”

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். “அண்ணாச்சி, போட்டிக் கம்பெனிக்காரங்களும் இப்படித்தான் போன் பண்ணுவாங்க. கையெழுத்து, முத்திரையோட லெட்டர் வரட்டும். ஒரு நிமிஷத்துல எடுத்துடறேன்.”

செவ்வாய்க்கிழமை நாலாவது குக்கர் வெடித்தது. அன்று நிறுவனம் முழுவதற்கும் ஆலோசகர் தலைமைப் பயிற்சி நடத்தினார். எல்லோர் கண்ணிலும் கறுப்புத் துணி கட்டினார்கள். நீண்ட கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக நடைபாதையில் நடக்க வேண்டும். முன்னால் எம்.டி. அவர் கண்ணிலும் துணி. யாருக்கும் வழி தெரியாது. ஆனால் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். இதில்தான் நம்பிக்கை பிறக்கிறது என்றார் ஆலோசகர்.

கணக்குப் பிரிவைத் தாண்டித் தண்ணீர்க் குழாய் வரைக்கும் நம்பிக்கை நன்றாகத்தான் போனது. அங்கே எம்.டி. தூணில் முட்டிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அவர் மேல் முட்டினார்கள். வால்வுக்காரர் வரிசையில் கடைசிக்கு முன்னால். டெலிபோன் அறையைத் தாண்டும்போது உள்ளே மணி விடாமல் அடித்துக்கொண்டிருப்பது கேட்டது. ஹலோ அக்காவும் கயிற்றில்தான் இருந்தார். அவரால் எடுக்க முடியவில்லை. வால்வுக்காரருக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது போலிருந்தது. துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிப்போய்ப் போனை எடுத்தார்.

ஆலோசகர் பயிற்சியை நிறுத்தி அவரைச் சுட்டிக்காட்டினார். குரலில் கோபமே இல்லை. அனுதாபம்தான். “எல்லாரும் பாருங்க. தலைமைக்கு முதல் எதிரி இதுதான். எல்லாரும் ஒத்துமையாப் போய்க்கிட்டிருக்கும்போது, நடுவுல ஒருத்தர் கண்ணைத் திறந்து பாக்கறது.”

நெற்றியில் புடைப்போடு எம்.டி. கைதட்டினார்.

புதன்கிழமை காலையில் வந்தபோது வால்வுக்காரரின் சோதனை அறை அவருடையதாக இல்லை. அவருடைய சோதனை மேசை, சூடேற்றும் அடுப்பு, அழுத்தமானி எல்லாம் வெளியே கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் கிடந்தன. உள்ளே நாலு பேர் சுவருக்கு வானநீலம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“நெருக்கடி அறை,” என்றார் மேடம் உற்சாகமாக. “கட்டடத்துல ஜன்னல் இல்லாத ரூம் இது ஒண்ணுதான். வெளியில நடக்கறது தெரிஞ்சா முடிவெடுக்கறவங்களுக்கு மனசு கலையும்னு ஆலோசகர் சொன்னார். நீலம் மனசை அமைதிப்படுத்துமாம்.”

“மேடம், வால்வு நல்லதா கெட்டதான்னு பாக்கறதுக்கு இருக்கறது இந்த ஒரு ரூம்தான். புதுசா வர்றதையும் நான் இங்கதான் பாத்தாகணும்.”

“அதான் உங்களைத் தொந்தரவு பண்ணாம எல்லாத்தையும் பத்திரமா வெளிய வச்சிருக்கோமே.”

கழிப்பறைக்குப் போகிற வருகிறவர்கள் எல்லாம் இடித்துக்கொண்டு போக, அவர் அங்கேயே நின்று கிடங்கில் இருந்த பழைய வால்வுகளில் இருபதை எடுத்துச் சோதித்தார். முன்பு வால்வு தந்துகொண்டிருந்த கம்பெனிச் சரக்கு, மூவாயிரத்துக்கு மேல் இருந்தது. சோதித்த இருபதும் உருகின. நல்ல வால்வு இருக்கிறது. ஸ்பேனர் இருக்கிறது. ஆள் இருக்கிறார்கள். சொல்ல ஒரு வாய்தான் இல்லை. இரண்டு தடவை நீல அறையின் கதவைத் தட்டினார். உள்ளே, நெருக்கடிக்கு என்ன பெயர் வைப்பது என்று ஓட்டெடுப்பு நடப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் முன்னும் பின்னுமாக நடந்தார். மனைவி கத்திரிக்கோலும் துணியுமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

“ஏங்க, தரை தேஞ்சுரும். உக்காருங்க. என்ன ஆச்சு?”

சொன்னார். அவள் தைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“ஆண்டு விழாவுல உங்களுக்கு ஒண்ணு குடுத்தாங்களே, அது எந்தச் சரக்கு?”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் குக்கரை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து ஊரிலிருக்கும் அவருடைய அக்காவுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நாலு மாதமாக அக்கா அதில்தான் சமைக்கிறாள். போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது மணிக்கு அக்கா எடுத்தாள்.

“அக்கா, அந்தக் குக்கரை அடுப்புல வைக்காத.”

“ஏன்டா? நல்லாத்தானே இருக்கு.”

“வைக்காதன்னா வைக்காத. வால்வு சரியில்ல. வெடிச்சாலும் வெடிக்கும். நான் ஞாயித்துக்கிழமை வந்து மாத்தித் தர்றேன்.”

“கூடப் பிறந்தவன்னு எனக்குச் சொல்லிட்ட. நான் சொல்லித்தான்டா எதுத்த வீட்டுக்காரி அதே குக்கரை வாங்கினா. தம்பி கம்பெனி, கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னு சொன்னேன். அவளுக்கு நான் சொல்லிடறேன். மத்தவங்களுக்கு யாரு சொல்றது?”

“கம்பெனியில பேசிக்கிட்டிருக்காங்கக்கா.”

“யாருகிட்ட பேசறாங்க?”

அக்காவின் குரல் தையல் மெஷின் வரைக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “அக்கா கேட்டதுல என்ன தப்பு?” என்றாள்.

வியாழக்கிழமை காலை அவரை நீல அறைக்கு வரச் சொன்னார்கள். போனால், வாசலிலேயே ஒரு போட்டோகிராபர் நின்றிருந்தார். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். தனக்குப் பின்னால் யாராவது பெரிய மனிதர் வருகிறாரா என்று வால்வுக்காரர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

“வாங்க, தலைவரே,” என்றார் எம்.டி.

நேற்று முழுவதும் விவாதித்ததில் விஷயம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. வக்கீல் ஒருவர் வந்து, நெருக்கடித் தலைவராக யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவரே எல்லாவற்றுக்கும் பொறுப்பு, வழக்கு வந்தாலும் அவர் பெயரில்தான் வரும் என்று விளக்கிவிட்டுப் போயிருந்தார். அவர் போன பத்தாவது நிமிடத்தில் கையேட்டைத் திருத்திவிட்டார்கள். தலைவரை முதலில் நியமித்துவிட்டு நெருக்கடியைப் பிறகு அறிவிக்கலாம். தலைவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள்.

எம்.டி. எழுந்து பேசினார். “இந்த நேரத்துல நானே முன்னால நிக்கணும்னுதான் என் மனசு துடிக்குது. ஆனா ஒரு நல்ல தலைவனுக்கு எப்ப பின்னால நிக்கணும்னு தெரியும். நான் ரொம்பவே பின்னால நிக்கப் போறேன். தேவைப்பட்டா வெளியூர்லயே நிக்கத் தயார். இது தியாகம்னு சிலர் சொல்வாங்க. சொல்லட்டும். நாளைக்குப் பாராட்டு வந்தா அது நம்ம எல்லாருக்கும். பழி வந்தா அதை ஒருத்தர் தாங்கணும். பழியைப் பங்கு போட்டா நிறுவனம் தாங்காது. அதுக்குத் தகுதியான ஒருத்தரைத் தேடினோம். பத்தொன்பது வருஷ நேர்மை. மேல சிபாரிசு யாரும் கிடையாது. தேடினதுல இவர் மட்டும்தான் கிடைச்சார்.”

மேடம் அவர் சட்டையில் ‘நெருக்கடித் தலைவர்’ என்ற வில்லையைக் குத்தினார். புதிதாகச் செய்த முத்திரைக் கட்டையும் மைப்பெட்டியும் கையில் வந்தன. போட்டோகிராபர் தாடையைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். தூரத்தில் எதையோ பார்ப்பது போல நிற்கச் சொன்னார். ஜன்னல் இல்லாத அறையில் தூரம் ஏது? அவர் நீலச் சுவரைப் பார்த்தார்.

பிறகு ஆலோசகர் ஒரு தாளை முன்னால் வைத்தார். “இதான் உங்க முதல் முடிவு. நாங்களே எடுத்து வச்சுட்டோம். கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா பத்திரிகைக்கு அனுப்பிடலாம்.”

வால்வுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துப் படித்தார். ‘குக்கர்களில் எந்தக் குறையும் இல்லை. பயன்படுத்துவோரின் அலட்சியமும் அவசரமுமே இந்நிகழ்வுகளுக்குக் காரணம். இதை நான் நேரில் சோதித்து உறுதி செய்கிறேன்.’

“நான் சோதிச்சதுல பத்துக்கு ஏழு உருகலைங்களே.”

“அது அறிவியல்,” என்றார் ஆலோசகர். “இது தகவல்தொடர்பு.”

வால்வுக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஓடினால் இன்னொருவரைப் பிடித்து உட்கார வைப்பார்கள். அந்த ஆள் படித்துப் பார்க்காமலேயே போட்டுவிடலாம்.

“சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார். “இந்தக் கையெழுத்துக்கு மேல யாராவது கையெழுத்துப் போடணுமா?”

“வேண்டாம்,” என்றார் எம்.டி. “முழு அதிகாரம்.”

“நீங்க?”

“நான்கூட இல்ல. என் கை இதுல படவே கூடாதுன்னு வக்கீல் கண்டிப்பா சொல்லியிருக்கார்.”

“நான் போட்டதை யாராவது மாத்த முடியுமா?”

“கையேட்டுலயே போட்டாச்சுண்ணே,” என்றார் மேடம் பெருமையாக. “நெருக்கடி முடியற வரைக்கும் தலைவர் சொல்றதுதான். முடிஞ்சுதுன்னு சொல்றதும் நீங்கதான்.”

“அப்ப சரிங்க.”

சட்டைப் பையிலிருந்து அந்த அரைப்பக்கத்தை எடுத்தார். நாலு நாள் மடிப்பில் காகிதம் துணி மாதிரி ஆகியிருந்தது. மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துச் சமப்படுத்தினார். அடியில் பெயரை எழுதினார், தேதியைப் போட்டார், முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தத்தில் எம்.டி. லேசாகத் துள்ளினார்.

“என்ன அது?” என்றார் ஆலோசகர்.

“என் முதல் முடிவுங்க.”

அவர்கள் எழுந்திருப்பதற்குள் வால்வுக்காரர் நடைபாதையில் பாதித் தூரம் போயிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓடி அவருக்குப் பழக்கமில்லை. டெலிபோன் அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தார்.

“லெட்டர் வந்தாச்சும்மா. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு. ஒரு கடை விடாம ஃபேக்ஸ்ல அனுப்பு. அனுப்பிட்டுப் போனும் போடு.”

ஹலோ அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். தனக்குக் கொடுத்திருந்த ‘சமையல் ஒரு பயணம்’ தாளை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, முதல் எண்ணை அழுத்தினார்.

அதன்பின் நடந்ததை விரிவாகச் சொல்ல நிறுவனம் விரும்பாது. எம்.டி. கத்தினார். ஆலோசகர் கையேட்டை முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் புரட்டினார். தலைவரை நீக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போடுகிறவர் பொறுப்பாளி ஆகிவிடுவார். தாள் மேசையைச் சுற்றி இரண்டு முறை வந்தது. பேனா யாருக்கும் கிடைக்கவில்லை. மூன்றாவது சுற்றுக்குள் பத்திரிகைக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எம்.டி. உடனே முகம் கழுவி, தலைவாரிக்கொண்டு வெளியே போய், “பொதுமக்கள் உயிர்தான் எனக்கு முதல்ல. நேத்தே முடிவெடுத்துட்டேன்” என்றார்.

கடைகளில் இருந்தவை அன்று மாலைக்குள் உள்ளே போய்விட்டன. விற்றவற்றைத் தேடி, குக்கர் பூட்டும் பிரிவிலிருந்த முப்பது பேர் ஸ்பேனரும் பை நிறைய நல்ல வால்வுகளுமாகக் கிளம்பினார்கள். வால்வுக்காரர் ஆஸ்பத்திரிக்கும் போனார். கட்டுப் போட்டிருந்த அந்த அம்மாவிடம், தப்பு உங்களுடையது இல்லை, எங்களுடைய வால்வு, என்று சொன்னார். அந்த அம்மா, “நான்தான் சரியா மூடலைன்னு வீட்ல எல்லாரும் சொல்லிக்கிட்டிருக்காங்க. அதை அவங்ககிட்ட வந்து சொல்லுங்க” என்றார். அவர் போய்ச் சொன்னார். சொன்னதை எழுதிக் கொடுத்து முத்திரையும் குத்தினார்.

வெள்ளிக்கிழமை, செய்தி போய்ச் சேராத ஓர் ஊரில் ஐந்தாவது வெடித்தது. நல்ல வேளையாக வீட்டுக்காரர் அப்போது வாசலில் நின்றிருந்தார். அது மட்டும் வால்வுக்காரரின் நெஞ்சில் முள்ளாக நின்றது. திங்கட்கிழமையே கையெழுத்து இருந்திருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தார்.

இரண்டு மாதத்தில் பதினொன்றைத் தவிர மற்ற எல்லாக் குக்கர்களும் கணக்கில் வந்துவிட்டன. மேடம் ஒரு படிவத்தோடு வந்தார். “நெருக்கடி முடிந்ததுன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே. எம்.டி.க்கு விருது அறிவிச்சிருக்காங்க. ‘புயலில் நின்ற தலைவர்’னு. நெருக்கடி முடிஞ்சாத்தான் குடுப்பாங்களாம்.”

“இன்னும் பதினொண்ணு வெளிய இருக்கு மேடம்.”

“ரெண்டாயிரத்து நானூறுல பதினொண்ணுண்ணே!”

“ஒண்ணே ஒண்ணுதான் மேடம், அது யார் வீட்ல இருக்கோ அவங்களுக்கு.”

அவர் போடவில்லை. மேடம் யோசித்து, படிவத்தின் தலைப்பில் ‘ஏறக்குறைய’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து, கையெழுத்து இல்லாமலேயே அனுப்பி வைத்தார். விருதுக் குழுவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

விழா ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது வரிசையில் வால்வுக்காரருக்கு ஒரு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். அவர் அன்று காலை பஸ் ஏறி எதிர்த்திசையில் போனார். ஒரு கடைக்காரர் பழைய ரசீதுக் கட்டைத் தேடி ஒரு தெருப்பெயரை மட்டும் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். வீட்டு எண் இல்லை. தெருவின் ஒரு முனையிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது வீட்டில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். கையில் ஈரம், இடுப்பில் குழந்தை.

“யாருங்க?”

“குக்கர் கம்பெனியிலேர்ந்து வர்றேன்மா. உங்க வீட்ல எங்க குக்கர் இருக்கா? இந்தப் பக்கம் கைப்பிடி சிவப்பா இருக்கும்.”

“இருக்கே. இப்பக்கூட அடுப்புலதான் இருக்கு. நல்ல நேரத்துல வந்தீங்க, அதுல ஏதோ கோளாறு. கிழங்கு வச்சு அரை மணி நேரமாச்சு, இன்னும் ஒரு விசில்கூட வரல.”

“குழந்தையைத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க,” என்றார். “இப்பவே. வீட்ல வேற யாரு?”

“யாரும் இல்ல. ஏன், என்ன...”

“தெருவுக்குப் போங்கம்மா!”

அவள் அந்தக் குரலைக் கேட்டு ஓடினாள். அவர் சுவரோரமாகவே உள்ளே போனார். அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்தார். குக்கர் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. மூடி லேசாக நடுங்கியது. கேஸ் சிலிண்டர் கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. தரையோடு தரையாகக் குனிந்து, கையை மட்டும் நீட்டி, ரெகுலேட்டரை மூடினார். நீலச் சுடர் சுருங்கி அணைந்தது. அப்படியே பின்னால் நகர்ந்து வந்து, தெருவுக்கு வந்து, அவள் பக்கத்தில் நின்றார்.

“எவ்வளவு நேரம் நிக்கணும்?” என்றாள் அவள். குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“அது ஆறுற வரைக்கும்மா.”

நின்றார்கள். பையில் போன் அதிர்ந்தது. ஹலோ அக்கா. பின்னால் ஒரே கைதட்டல் சத்தம். “அண்ணே, எம்.டி. பேசிக்கிட்டிருக்காரு. எங்க இருக்கீங்க? புயல் நடுவுல அவர் தனியா நின்னாராம். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை.”

“சரிம்மா. பட்டியலை எடு. கடைக்காரர் தெருப்பேரு மட்டும் குடுத்தாரே, அதை அடிச்சிடு.”

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போய், மூடியைத் தொட்டுப் பார்த்து, திறந்தார். கிழங்கு கரைந்து கூழாகியிருந்தது. ஒரு தோல் துண்டு விசில் குழாயை அடைத்துக்கொண்டு நின்றது. ஊசியால் அதை எடுத்தார். ஸ்பேனரை வைத்துப் பழைய வால்வைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, புதியதை மாட்டி, இரண்டு முறை இறுக்கிப் பார்த்தார். சொன்னபடி இரண்டு நிமிடம்தான் ஆனது.

“ஒரு வாய் ஏதாவது குடிச்சிட்டுப் போங்க,” என்றாள் அவள்.

“இன்னும் பத்து இருக்கும்மா,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.